பெற்றோலில ஓடுது, மண்ணெண்ணெய்க்கு மாத்தினா நிக்குது. தண்ணி எங்கயிருந்து வருது?

பாசையூர் நண்டுவலை
செவ்வாய், இரவு 9.20

எல்லாருக்கும் வணக்கம். மாமாவின்ர போட்டை நான் தொழிலுக்கு எடுத்து இது ரெண்டாவது வருஷம். பதினெட்டரை அடி பைபர் போட், 15 எச்பி மண்ணெண்ணெய் எஞ்சின். பரவைக்கடலுக்குள்ள நண்டு வலைதான் எங்கட தொழில். எஞ்சினைப் பற்றி எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம், தெரிஞ்ச ஆள் மாதிரிக் கதைக்கிறது கனக்க. அதை முதலே சொல்லிப்போடுறன்.

பெற்றோலில ரெண்டு இழுவையில ஸ்ராட் வரும். சூடாக விட்டு மண்ணெண்ணெய்க்கு மாத்தினாப் பிறகும் ஒரு பத்து நிமிஷம் ஒரு குறையுமில்லை. பேந்து வேகம் கூட்டக் கைபிடியை முறுக்கினா இழுக்காது. கையை விட்டா முனகிக்கொண்டு ஓடும், திரும்ப முறுக்கினா நிண்டிடும். பெற்றோலுக்குத் திருப்பி நாலைஞ்சு தரம் இழுத்தா, இருமி இருமி எழும்பி, பிறகு ஒழுங்கா ஓடும். ஐப்பசி பிறந்து ரெண்டு கிழமையா இதே கூத்து. ஒவ்வொரு நாளும் இல்லை, அதுதான் விசர். ஞாயிறு ஓடும், திங்கள் நிக்கும்.

போன வியாழன் விடிய நாலு மணிக்கு வலை இழுக்கப் போய், மண்டைதீவுக்குத் தெற்காலை வைச்சு நிண்டுபோச்சு. சின்ன டாங்கில பெற்றோல் ஒரு சோடாப் போத்தல் அளவுதான் கிடந்தது. அதில அரைவாசித் தூரம் வந்தம், மிச்சத்துக்கு மரக்கோல் ஊண்டினம். என்னோட வாற பொடியனுக்குப் பதினெட்டு வயது, அவன் பாட்டுப் பாடிக்கொண்டு ஊண்டினான். எனக்குத்தான் முதுகு ரெண்டு நாளா நிமிரேல்லை. கரைக்கு வர வெயில் ஏறிட்டுது, நண்டு வாடிட்டுது. அண்டைக்கு வித்த காசு பொடியனுக்குக் குடுக்கவே காணாது.

திருத்துற ஒருத்தரிட்டக் காட்டினன். காபரேற்றர் ரெண்டு தரம் கழட்டிக் கழுவினார், பிளக் ரெண்டு தரம் மாத்தினார். ரெண்டாவது தரம் கழட்டேக்க, காபரேற்றருக்கு அடியில எண்ணெய் நிக்கிற கிண்ணம், அந்தப் பவுலுக்குள்ள தண்ணி முட்டை முட்டையா நிண்டதை நானே கண்டனான். "எண்ணெயில தண்ணி தம்பி, பெற்றோல் செற்றில கலக்கிறாங்கள்" எண்டார். மாமாவும் அதைத்தான் சொல்லுறார். செற்றுக்காரரோட போய்ச் சண்டை பிடிக்கச் சொல்லி என்னை உசுப்பேத்திக்கொண்டு நிக்கிறார்.

சண்டைக்குப் போக முதல் இஞ்ச கேப்பம் எண்டு வந்தனான். செற்றிலதான் தண்ணி கலந்ததெண்டு எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? கலந்த எண்ணெயை என்ன செய்யிறது? எண்ணெய் சேத்து வைக்கிற இரும்புப் பரலில கிட்டத்தட்டப் பாதி மிச்சம் கிடக்கு. இண்டைய விலைக்கு ஊத்தி எறிய மனம் வருதில்லை.


நாவாந்துறை மிசின்வேலை
செவ்வாய், இரவு 10.05

தம்பி, பெற்றோலில ஒழுங்கா ஓடுற எஞ்சினுக்குப் பொறி குடுக்கிற பிளக்கிலயும் கொயிலிலயும் குற்றம் இராது. அதுக்கு மேலயும் ரெண்டு பிளக் மாத்தினவரைப் பற்றி நான் ஒண்டும் சொல்ல வரேல்லை, அவரும் எங்கட ஆள்.

உம்மட எஞ்சினில காபரேற்றர் ஒண்டு. ரெண்டு எண்ணெயும் அதுக்குள்ளதான் போகுது, வாற வழிதான் வேற. பெற்றோல் வழி சுத்தம். அப்ப மண்ணெண்ணெய்ப் பக்கத்து டாங், குழாய், கைப்பம்பு, பில்ற்றர் இந்த நாலுக்குள்ள எங்கயோ தண்ணி கிடக்கு. பவுலின்ர அடியில இருக்கிற புரியைக் கழட்டி ஒரு வெள்ளைப் போத்தலுக்குள்ள வடியவிடும். பிறகு டாங்கைச் சரிச்சு வைச்சு அடியில கிடக்கிறதை இன்னொரு போத்தலுக்குள்ள எடும். பரலுக்கு மூண்டாவது போத்தல். மூண்டையும் இரவு அசைக்காமல் வைச்சிட்டு விடியப் பாரும். தண்ணி பாரம், அடியில நிக்கும்.

பவுலுக்குள்ள துளித் தண்ணி கிடந்தாலும் காணும். மெதுவா ஓடேக்க அது அடியில சும்மா கிடக்கும். முறுக்கினவுடனை மெயின் ஜெட் அதை உறிஞ்சும், அந்த ஊசித் துவாரத்துக்குள்ளால தண்ணி லேசில போகாது. உம்மட எஞ்சின் முறுக்கேக்க நிக்கிறது அதாலதான்.

ரெண்டு விசயம் கவனம். ஜெட் அடைச்சா கம்பி விட்டுக் குத்தாதையும், பித்தளைத் துவாரம் பெருத்துப்போகும், பிறகு எண்ணெய் குடிச்சே உம்மை அழிக்கும். மற்றது, தண்ணியோட "ஓடுமட்டும் ஓடட்டும்" எண்டு ஓட்டாதையும். இது ரெண்டு ஸ்ரோக். எண்ணெயோட கலந்த ஓயில்தான் உள்ளுக்கு பெயாரிங்குக்குப் போற ஒரே ஓயில். அதுக்குள்ள தண்ணி போனா ஓயில் கழுவுப்படும், ஒரு கிழமை எஞ்சினைச் சும்மா வைச்சா கறள் பிடிக்கும். காபரேற்றர் கழுவுறது ஒரு நாள் கூலி. உள்ளுக்குச் சுத்துற கிராங் தண்டை மாத்தப் போனீரெண்டால் பேசாமல் போட்டை வித்திடலாம்.


கொழும்புத்துறை கலகலப்பு
செவ்வாய், இரவு 10.31

அரை டாங்கோட போட்டை விட்டா இரவுப் பனியில உள்ளுக்கு வேர்த்துத் தண்ணி வரும். அதுதான் காரணம், வேற ஒண்டுமில்லை. ஒரு கால் போத்தல் சாராயம் டாங்குக்குள்ள ஊத்து மச்சான், தண்ணியை அது கொண்டுபோயிடும். மிச்சம் முக்கால் போத்தலுக்கு என்னைக் கூப்பிடு.


நாவாந்துறை மிசின்வேலை
செவ்வாய், இரவு 10.40

சாராயத்தில மூண்டில ரெண்டு பங்கு தண்ணிதான் ஐயா. தண்ணி எடுக்கத் தண்ணி ஊத்துறதோ?

தனி ஸ்பிரிட் எண்டாலும் பெற்றோலுக்குள்ளதான் கொஞ்சம் வேலை செய்யும். மண்ணெண்ணெய்க்குள்ள ஊத்தினா அது அடியில நிக்கிற தண்ணியோட போய்ச் சேர்ந்துகொள்ளும். தண்ணி கூடினதுதான் மிச்சம்.


ஓய்வுபெற்ற பௌதிகவியல் வாத்தி
புதன், காலை 6.15

"டாங் வேர்க்கும்" என்ற கதையை நானும் நாற்பது வருடமாகக் கேட்டு வருகிறேன். ஒருமுறை கணக்குப் பார்த்துவிடுவோம்.

24 லீற்றர் டாங்கில் பாதி காலி என்றால் உள்ளே 12 லீற்றர் காற்று. 30 பாகையில் ஈரம் முற்றிய காற்று, ஒரு கனமீற்றருக்கு ஏறக்குறைய 30 கிராம் நீராவியை வைத்திருக்கும். அந்த 12 லீற்றர் காற்றில் இருக்கும் முழு நீராவியும் 0.36 கிராம். இரவில் 25 பாகைக்கு இறங்கினால் அதில் ஏறக்குறைய கால்பங்குதான் நீராகப் படியும். சொட்டுக் கணக்கில் இரண்டு. பவுலுக்குள் தண்ணீர் முட்டை முட்டையாக நிற்கும் அளவுக்கு வியர்வை வர, டாங்குக்குக் காய்ச்சல்தான் வரவேண்டும். குளிர்நாடுகளில் மாதக்கணக்காகக் கட்டிவைக்கிற பெரிய படகுகளின் கதை வேறு. யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு நாளும் கடலுக்குப் போகிற படகுக்கு அது பொருந்தாது. ஆகவே தண்ணீர் எங்கிருந்தோ தண்ணீராகவே உள்ளே வருகிறது.

தம்பி, மிசின்வேலைத் தம்பி சொன்ன மூன்று போத்தல்களையும் எடுத்த பின் இரண்டு சோதனை செய்யுங்கள்.

முதலாவது, தண்ணீரா எண்ணெயா என்று கண் ஏமாறும், இரண்டும் வெள்ளை. பலகாரத்துக்குப் போடும் கேசரிப் பவுடரில் ஒரு சிட்டிகை தூவுங்கள். அது எண்ணெயில் கரையாது, அடியில் தண்ணீர் இருந்தால் அங்கே போய்ச் சிவப்பாகக் கரையும். மஞ்சள் தூள் வேண்டாம், அதன் நிறம் தண்ணீரில் கரைவதில்லை, ஒன்றும் தெரியாது.

இரண்டாவது சோதனைதான் முக்கியம். நிறம் போடுவதற்கு முன்பே, அடியில் நிற்கும் தண்ணீரில் சில துளிகளை எடுத்து ஒரு கறுப்புத் தகரத்தில் விட்டு வெயிலில் காயவையுங்கள். வெள்ளையாக உப்புப் பூத்தால் கடல் தண்ணீர். அப்படியானால் படகில்தான் ஓட்டை: டாங் மூடியின் றபர், காற்றுத் துவாரம், குழாய்ப் பூட்டு. உப்பு இல்லையென்றால் அது கடலில் ஏறியதல்ல, கரையில் ஏறியது.

செற்றுக்காரரோடு சண்டைக்குப் போகுமுன் இன்னொன்றும் கேளுங்கள். அதே செற்றில் எண்ணெய் எடுக்கும் மற்றப் போட்டுகளும் நிற்கின்றனவா?


ஸ்காபரோ சின்னராசா
புதன், காலை 7.50

இஞ்ச கனடாவில எங்கட பிரச்சினை வேற மாதிரி. பெற்றோலோட பத்து வீதமளவில எதனோல் கலந்து வருது. அது கொஞ்சத் தண்ணியைத் தனக்குள்ள பிடிச்சு வைச்சிருக்கும், ஏறக்குறைய அரை வீதம் மட்டும். அதுக்கு மேல தண்ணி சேர்ந்தா எதனோலும் தண்ணியுமாச் சேர்ந்து ஒரேயடியா அடியில இறங்கிடும். பிறகு தண்ணியை மட்டும் எடுத்துப் பிரயோசனமில்லை, மேல நிக்கிற பெற்றோலும் தரம் கெட்டுப்போகும். முழுவதையும் எறியத்தான் வேணும். உங்கட மண்ணெண்ணெய்க்கு அந்தத் தலையிடி இல்லை, விட்டா தெளியும். எறிஞ்சு போடாதையுங்கோ.


பாசையூர் நண்டுவலை
வியாழன், இரவு 8.45

எல்லாருக்கும் நன்றி. இண்டைக்குத் தொழிலுக்குப் போகேல்லை, நாள் முழுக்கப் போத்தல் ஆராய்ச்சிதான். மனுசி லட்டுக்கு வைச்சிருந்த கேசரிப் பவுடரை எடுத்ததுக்கு வாங்கின பேச்சைத் தனி நூலாப் போடலாம்.

பவுல் போத்தலில தேக்கரண்டி அளவு தண்ணி. டாங் போத்தலில அரைத் தம்ளர் வரும். கேசரிப் பவுடர் தூவினவுடனை எண்ணெய்க்குள்ளால மணல் மாதிரி விழுந்து, அடியில போய்ச் சிவப்பா விரிஞ்சுது. சின்னவள் "அப்பா திரும்பப் போடுங்கோ, திரும்பப் போடுங்கோ" எண்டு நிண்டாள்.

உப்புச் சோதனை: தகரத்தில காயவைச்சனான். ஒண்டுமில்லை. பக்கத்தில ஒப்பிட்டுப் பாக்க ரெண்டு துளி கடல் தண்ணியும் விட்டனான், அது வெள்ளையாப் பூத்துக் கிடக்கு. அப்ப எங்கட தண்ணி நல்ல தண்ணி.

வாத்தியார் கேட்டபடி கரையில விசாரிச்சன். அதே செற்றில எடுக்கிற ஆறு போட்டுக்காரரோட கதைச்சன், ஒருத்தருக்கும் குறையில்லை. ஒராள் சிரிச்சுக்கொண்டு "உங்கட மாமா பரலில சேத்து வைக்கிற ஆள், நாங்கள் அண்டண்டைக்கு எடுக்கிற ஆக்கள்" எண்டார். அப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சுது.

பரலின்ர கதையைச் சொல்ல வேணும். 2022 இல எண்ணெய்க்கு வரிசையில நிண்டு காய்ஞ்சது எல்லாருக்கும் ஞாபகமிருக்கும். ஆவணியில மண்ணெண்ணெய் ஒரே நாளில 87 ரூபாயிலயிருந்து 340 ரூபாய்க்கு ஏறிச்சுது. அண்டையோட மாமா ஒரு இரும்புப் பரல் வாங்கிப் போட்டார். கையில காசு இருக்கேக்க எடுத்து நிரப்புவார். தொண்ணூறுகளில பொருளாதாரத் தடைக்குள்ள, மருந்துப் போத்தலில பெற்றோல் சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி மண்ணெண்ணெயில மோட்டச் சைக்கிள் ஓட்டின ஆள். ஜாம் போத்தல் விளக்கில தன்ர பிள்ளையளைப் படிப்பிச்ச ஆள். எண்ணெய் சேத்து வைக்காதையுங்கோ எண்டு அவருக்குச் சொல்ல ஏலாது, சொன்னா அந்தக் காலத்துக் கதை முழுக்கக் கேக்க வேணும்.

பரலின்ர மூடி ரெண்டும் நல்ல இறுக்கம். ஸ்பானர் போட்டுத்தான் திறக்கிறது. அதுக்குள்ள தண்ணி போக வழியே இல்லை. அப்ப தண்ணி எங்கயிருந்து?


பழைய கப்பல்காரன், வல்வெட்டித்துறை
வியாழன், இரவு 9.30

மோனை, ஒரு கேள்வி. பரல் எங்க நிக்குது? கொட்டிலுக்குள்ளயோ வெளியிலயோ? நிமிந்து நிக்குதோ, படுத்துக் கிடக்குதோ?


பாசையூர் நண்டுவலை
வியாழன், இரவு 9.42

நிமிந்துதான் ஐயா. முந்தி வலைக் கொட்டிலுக்குள்ள நிண்டது. புரட்டாசிக் கடைசியில கிடுகு மாத்தக் கூரையைப் பிரிச்சனாங்கள், அப்ப வெளியில உருட்டி வைச்சது இன்னும் வேலியோரம் நிக்குது. ஆனா மூடி இறுக்கம்.


பழைய கப்பல்காரன், வல்வெட்டித்துறை
வியாழன், இரவு 10.20

பிடிச்சிட்டன்.

நான் இருபத்திரண்டு வருஷம் கப்பலில எஞ்சின் அறையில நிண்டனான். மேல்தட்டில ஓயில் பரலை நிமித்தி வைச்சதைக் கண்டா எங்கட இரண்டாவது எஞ்சினியர் கத்துற கத்தில கடல்காகம் பறக்கும். அப்ப எனக்கும் விளங்கேல்லை, உன்னை மாதிரித்தான், மூடி இறுக்கம்தானே எண்டு நினைச்சனான்.

பரல் மூச்சு விடும் மோனை. பகல் வெயிலில இரும்பு கொதிக்கும். உள்ளுக்கு நிக்கிற காத்து விரிஞ்சு, எவ்வளவு இறுக்கின மூடியெண்டாலும் புரியுக்குள்ளால மெல்ல மெல்ல வெளியில போகும். பின்னேரம் மழை பெஞ்சு பரல் குளிர்ந்தா உள்ளுக்குக் காத்துச் சுருங்கும், அப்ப வெளியிலயிருந்து உறிஞ்சும். நிமிந்து நிக்கிற பரலின்ர மேல் விளிம்பு ஒரு தட்டு மாதிரி. அதுக்குள்ள மழைத் தண்ணி தேங்கி மூடியை மூடி நிக்குது. அப்ப எதை உறிஞ்சும்? காத்தையோ? காத்து விடாத இறுக்கமெண்டு நீ நினைக்கிற மூடி, ஒரு இரவு முழுக்கக் கிடந்து உறிஞ்சினா தண்ணியை விடும். மூடிக்குக் கீழ இருக்கிற வாசரைக் கழட்டிப் பார், கல்லு மாதிரி இறுகிக் கிடக்கும்.

வெளியில வைக்கிறதெண்டால் படுக்க வை. ரெண்டு மூடியும் மணிக்கூட்டில மூண்டிலயும் ஒன்பதிலயும் நிக்கிற மாதிரி, ஒண்டு மேல ஒண்டு கீழ வரக்கூடாது. பம்பு போட வேணும், நிமித்தித்தான் வைப்பன் எண்டால் ஒரு பக்கத்துக்கு அரைக் கல் முட்டுக் குடுத்துச் சரி. தேங்கிற தண்ணி பள்ளப் பக்கம் போகும். அந்தப் பள்ளத்தில ரெண்டு மூடியும் வராத மாதிரித் திருப்பி வை. சரிச்சு வைக்கிறதில இன்னொரு நன்மை, உள்ளுக்கு அடியில நிக்கிற தண்ணியும் ஒரு மூலைக்குப் போயிடும். நீ மற்ற மூலையால உறிஞ்சலாம். மேல ஒரு தகரமும் போட்டு மூடு.


ஓய்வுபெற்ற பௌதிகவியல் வாத்தி
வெள்ளி, காலை 5.50

கப்பல்கார ஐயாவுக்கு வணக்கம். இரவு படுக்க முன் வாசித்தேன், நித்திரை வரவில்லை, எழும்பிக் கணக்குப் போட்டேன்.

200 லீற்றர் பரலில் பாதி காலி, 100 லீற்றர் காற்று. பகலில் 45 பாகைக்குச் சூடாகி இரவில் 26க்கு இறங்கினால் காற்றின் கன அளவு ஏறக்குறைய ஆறு வீதம் மாறும். அதாவது ஒரு நாளில் 6 லீற்றர் மூச்சு. அதில் ஒரு சிறு பங்கு தண்ணீராக வந்தாலே உங்கள் போத்தல்களில் கண்ட தண்ணீருக்குக் கணக்குச் சரி. மேல் தட்டின் குறுக்களவு 57 சென்ரிமீற்றர் அளவில் இருக்கும், 20 மில்லிமீற்றர் மழைக்கு அதில் 5 லீற்றர் தேங்கும். ஐப்பசி மழைக்கு 20 மில்லிமீற்றர் ஒரு பின்னேர வேலை.

முதல் நாள் நான் "கரையில் ஏறியது" என்று சொன்னபோது திறந்து வைத்த கலனையும் புனலையும்தான் நினைத்தேன். இறுக்கிய பரலை நினைக்கவில்லை. வியர்வைக் கதையைச் சிரித்தவன் மூச்சுக் கதையைத் தவறவிட்டேன்.


பாசையூர் நண்டுவலை
ஞாயிறு, பின்னேரம் 4.10

இண்டைக்குத்தான் எழுத நேரம் கிடைச்சுது. நடந்ததைச் சொல்லுறன்.

வெள்ளி விடிய மாமாட்டச் சொன்னன். "கப்பல்காரர் சொன்னவராம்! மூடி இறுக்கின பரல் தண்ணி குடிக்குமாம்! நீயும் நம்பிக்கொண்டு நில்" எண்டு சாரத்தை மடிச்சுக் கட்டிக்கொண்டு போயிட்டார். அவரோட வாதாடி நான் ஒருநாளும் வெண்டதில்லை. பேசாமல் மிச்சக் கேசரிப் பவுடர் முழுவதையும் ஒரு செம்புத் தண்ணியில கரைச்சுப் பரலுக்கு மேல ஊத்தினன். மூடி ரெண்டையும் அவரையே வந்து ஸ்பானரால இறுக்கச் சொன்னன். முழுப் பலமும் போட்டு இறுக்கினார். "இப்ப போகட்டும் பாப்பம்" எண்டார்.

அண்டைக்கு நல்ல வெயில். மூண்டு மணிக்குப் பரலில கை வைக்க ஏலாது. அஞ்சு மணிக்கு மேகம் கறுத்து, மழை இல்லை, குளிர் காத்து மட்டும் அடிச்சுது. சனி விடியத் தட்டில கிடந்த தண்ணியைத் துணியால ஒத்தி எடுத்துத் துடைச்சுப்போட்டுத்தான் மூடியைத் திறந்தன், இல்லாட்டி திறக்கேக்க விழுந்தது எண்டு சொல்லுவார். மேசன்மார் மட்டம் பாக்கிற வெள்ளைக் குழாயை அடிமட்டும் விட்டு, மேல் வாயைப் பெருவிரலால பொத்தி எடுத்தன்.

குழாயின்ர அடியில ரெண்டு விரல் உயரத்துக்குச் செம்மஞ்சள்.

மாமா குழாயை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பாத்தார். மோந்து பாத்தார். "உது எப்ப ஊத்தினது?" எண்டார். பிறகு ஒண்டும் கதைக்கேல்லை. கோடிப்பக்கம் போய் ரெண்டு அரைக் கல்லோட வந்தார்.

பரலிலயிருந்து எண்ணெய் எடுக்கிற எங்கட கைப்பம்பின்ர குழாய் நுனியும் அடியிலயிருந்து ரெண்டு விரல் மேலதான் நிக்குது. இப்ப எனக்கு எல்லாம் விளங்குது. தண்ணி அந்த மட்டத்துக்கு ஏறுமட்டும் எங்களுக்கு ஒண்டும் தெரியேல்லை. ஏறினாப் பிறகு மழை பெஞ்ச இரவுக்கு அடுத்த நாள் மட்டும் கொஞ்சத் தண்ணி பம்புக்குள்ள வந்திருக்கு, அதை எடுத்துத் தீர்த்தா அடுத்த மழை மட்டும் ஓடியிருக்கு. ஞாயிறு ஓடித் திங்கள் நிண்டது அதாலதான். ரெண்டு விரல் உயரம் எண்டால் 9 லீற்றர் வருமாம், வாத்தியார் சொன்ன குறுக்களவை வைச்சுப் பொடியன் போனில கணக்குப் பாத்தான்.

இன்னொண்டும் வந்தது. அடித் தண்ணியோட மண்ணிறத்தில வழுவழுவெண்டு, ஊறின சவ்வரிசி மாதிரி ஒரு சாமான். டாங்குக்குள்ளயும் கொஞ்சம் கிடந்தது. அது என்ன?


பழைய கப்பல்காரன், வல்வெட்டித்துறை
ஞாயிறு, பின்னேரம் 5.00

பூஞ்சணம் மோனை. மண்ணெண்ணெயைத் தின்னுற பூஞ்சணமே இருக்கு, விமானத்து எண்ணெய்த் தாங்கியளையும் அது விடாது. எண்ணெய்க்குள்ள தனிய அதாலை வாழ ஏலாது. தண்ணி கீழ, சாப்பாடு மேல, ரெண்டும் சந்திக்கிற இடத்தில குடியிருக்கும். தண்ணியை எடுத்தா ஆள் சரி. ஆனா கிடக்கிற சவ்வு பில்ற்றரை அடைக்கும், டாங்கைக் கழட்டி நல்ல எண்ணெய் கொஞ்சம் விட்டுக் குலுக்கிக் குலுக்கி ஊத்து.


நாவாந்துறை மிசின்வேலை
ஞாயிறு, பின்னேரம் 6.30

டாங்கோட நிப்பாட்டாதையும். குழாயைக் கழட்டி ஊதும், கைப்பம்பைப் பிதுக்கி உள்ளுக்குக் கிடக்கிறதை வெளியில எடும், பிறகுதான் பவுல். ஒழுங்கு மாறினா டாங்குக்குள்ள இருந்து திரும்பவும் பவுலுக்கு வரும், நாலாம் தரம் கழுவ வேண்டி வரும்.

பரலில மிச்சம் கிடக்கிறது நல்ல எண்ணெய்தான். ஆட்டாமல் ஒரு இரவு விட்டுப்போட்டு மேலால எடும். கடைசி நாலைஞ்சு லீற்றரை எஞ்சினுக்குப் போடாதையும், சாமான் கழுவ வைச்சிரும்.

துணியால வடிக்கிற பழக்கம் இருந்தா அது தூசிக்குத்தான், தண்ணி துணிக்குள்ளால போகும். கார் துடைக்கிற சமோய்த் தோல் ஒண்டு வாங்கிப் புனலில போட்டு வடிச்சா எண்ணெய் இறங்கும், தண்ணி மேல நிக்கும். அதோட கையில காசு வந்தா தண்ணி பிரிக்கிற பில்ற்றர் ஒண்டு குழாயில போடும், அடியில கண்ணாடிக் கிண்ணம் இருக்கிற வகை. அதில தண்ணி நிக்கிறது கடலுக்குப் போக முதலே கண்ணுக்குத் தெரியும்.


ஓய்வுபெற்ற பௌதிகவியல் வாத்தி
ஞாயிறு, இரவு 7.15

ஒரு இரவு என்று அவர் சொன்னது சரியான கணக்கு. கண்ணுக்குத் தெரியும் துளிகள் நிமிடங்களில் இறங்கிவிடும். பம்பு அடித்துக் கலக்கியபோது உண்டாகும் 10 மைக்ரோன் அளவுத் துளிகள் மண்ணெண்ணெயில் மணிக்கு ஏறக்குறைய 3 சென்ரிமீற்றர்தான் இறங்கும். ஒரு கலன் உயரத்துக்கு இரவு முழுவதும் வேண்டும். பரலுக்கு இரண்டு இரவு விடுங்கள்.

அந்த 9 லீற்றர் அழுக்குத் தண்ணீரை வளவில் ஊற்றாதீர்கள். எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல், ஊற்றியது கிணற்றுக்குப் போக அதிக நாள் எடுக்காது. சுன்னாகப் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை நாங்கள் எல்லோரும் கண்டவர்கள்.


பாசையூர் நண்டுவலை
புதன், இரவு 8.05

திங்களும் செவ்வாயும் இண்டைக்கும் போய் வந்தனாங்கள். ஒருக்காலும் நிக்கேல்லை. இண்டைக்கு வரேக்க முழு முறுக்கில வந்தன், பொடியன் மரக்கோலைத் தலைக்கு வைச்சுப் படுத்துக் கிடந்தான்.

அழுக்குத் தண்ணியைக் கலனில அடைச்சு வைச்சிருக்கிறன். நாவாந்துறை அண்ணை, உங்கட கழிவு ஓயில் பரலுக்குள்ள அதை எடுப்பீங்களோ? கிடுகு வேலையும் முடிஞ்சுது, பரல் திரும்பக் கொட்டிலுக்குள்ள போயிட்டுது, அங்கயும் சரிச்சுத்தான் நிக்குது. மாமா நேற்றுக் கரையில நாலு பேருக்குப் பரல் மூச்சு விடுற கதை சொல்லிக்கொண்டு நிண்டவர். கப்பல்காரரையும் காணேல்லை, கேசரிப் பவுடரையும் காணேல்லை அந்தக் கதையில.


நாவாந்துறை மிசின்வேலை
புதன், இரவு 8.30

கொண்டுவாரும், எடுக்கிறன். வரேக்க அந்தக் கழட்டின ரெண்டு பிளக்கையும் கொண்டுவாரும், எறிஞ்சுபோடாதையும். காயவைச்சுத் துடைச்சா இன்னும் ஒரு வருஷம் ஓடும்.